காற்றிலிருந்து குடிநீர்: ஈரம் உறிஞ்சும் பொருள்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில பொருள்கள் காற்றில் உள்ள ஈரத்தைத் தாமாகவே இழுத்து வைத்துக்கொள்கின்றன. அவற்றைச் சூடாக்கினால் அந்த ஈரம் ஆவியாக வெளியேறுகிறது. ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் தண்ணீர். இந்த மூன்று வரிகளுக்குள் தொழில்நுட்பம் முழுவதும் அடங்கிவிடும். ஆனாலும் இதைக் கேள்விப்படுகிறவர்களில் பாதிப் பேர் இனிப் பாலைவனங்கள் பசுமையாகிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் இது வெறும் ஏமாற்று வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரு தரப்புமே அவசரப்படுவது தெரியும். அந்தக் கணக்கைத்தான் இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

காற்றில் அப்படி எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்தே தொடங்கலாம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு 36 கன மீட்டர். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அதில் 18 கிராம் இருக்கிறது என்று பொருள். ஆக, அந்த அறையில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறக்குறைய 650 கிராம் தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

வறண்ட நிலத்திலும் காற்று வெறுமையாக இருப்பதில்லை. 35 டிகிரி வெப்பம், 20 சதவீத ஈரப்பதம் என்ற நிலையிலும் ஒரு கன மீட்டரில் சுமார் 8 கிராம் இருக்கும். வளிமண்டலம் முழுவதையும் சேர்த்தால் சுமார் 13,000 கன கிலோமீட்டர் நீர். எனவே தண்ணீர் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அது மிக மெல்லியதாகப் பரவிக் கிடக்கிறது என்பதே சிக்கல். கன மீட்டருக்கு 8 கிராம் உள்ள காற்றில் பாதி ஈரத்தைப் பிடிக்க முடிந்தால்கூட, ஒரு லிட்டர் நீருக்கு 250 கன மீட்டர் காற்றை அந்தப் பொருளின் மேல் ஓடவிட வேண்டும்.

ஒரு பொருள் எப்படி ஈரத்தை இழுக்கிறது?

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். ஓரங்கள் கசிந்து, உப்பு கட்டிதட்டி, கரண்டியில் ஈரம் ஒட்டியிருக்கும். தூய சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு போன்றவை அதற்கு வெகு முன்பே ஈரத்தை இழுத்துவிடும். கால்சியம் குளோரைடு சுமார் 30 சதவீத ஈரப்பதத்திலேயே தன்னைத் தானே கரைத்துக்கொண்டு குழம்பாகிவிடும். லித்தியம் குளோரைடுக்கு 11 சதவீதமே போதும். இவை நீரை உள்ளுக்குள் வாங்கிக் கரையும் வகை.

மற்றொரு வகை கரைவதில்லை. புதிய காலணிப் பெட்டிக்குள்ளும் மாத்திரைப் புட்டிக்குள்ளும் சின்னப் பொட்டலமாக வரும் சிலிக்கா ஜெல் அந்த வகை. அதன் மணிகள் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தெரிந்தாலும் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. ஒரு கிராம் சிலிக்கா ஜெல்லின் உட்பரப்பை விரித்துப் போட்டால் மூன்று நான்கு வாலிபால் மைதானங்கள் அளவுக்கு வரும். நீர் மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஈரம் எத்தனை குடித்தாலும் மணி மணியாகவே இருக்கும். கையில் நீர் ஒட்டாது. எடை மட்டும் கூடும்.

காற்றைக் குளிரவைத்தாலே நீர் சொட்டுமே, அதற்கு எதற்கு இந்தப் பொருள்கள்?

சொட்டும். அறையைக் குளிர்விக்கும் ஏசியின் குழாயில் வரும் நீர் அதுதான். ஈரம் மிகுந்த கடலோரக் காற்றுக்கு அது நல்ல வழி. வறண்ட காற்றில்தான் அது தடுமாறுகிறது. 30 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் முதல் துளி விழ வேண்டுமானால் அதை ஏறக்குறைய 5 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். ஈரப்பதம் 10 சதவீதமாக இருந்தால் உறைநிலைக்கும் கீழே போக வேண்டும். அப்போது நீருக்குப் பதிலாகக் குழாயின் மேல் பனிக்கட்டி படியும். அத்தனை காற்றையும் குளிர்விக்கச் செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் காற்றைக் குளிர்விக்கவே போய்விடும்.

உறிஞ்சும் பொருள் இந்த இடத்தில் ஒரு வேலை செய்கிறது. மெல்லியதாகப் பரவிய ஈரத்தை முதலில் ஓரிடத்தில் திரட்டிவிடுகிறது. பிறகு ஒரு சிறு மூடிய பெட்டிக்குள் அதைச் சூடாக்கினால், உள்ளே இருக்கும் காற்று நீராவியால் நிறைந்துவிடும். அந்த ஆவி குளிர்ந்து நீராவதற்கு ஐஸ் பெட்டி தேவையில்லை; வெளிக்காற்றின் குளுமையே போதும்.

அப்படியானால் கடினமான பகுதி எது?

பிடித்ததை விடுவிப்பது. இந்தத் துறையைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தைப் பிடிக்கச் செலவே இல்லை. இரவெல்லாம் திறந்து வைத்தால் தானாக நடக்கும். அதைத் திரும்பக் கேட்கும்போதுதான் வெப்பம் என்ற விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பாத்திரம் தண்ணீரை அடுப்பில் வைத்தால் சில நிமிடங்களில் கொதிக்கத் தொடங்கிவிடும். ஆனால் அது முழுவதும் சுண்டிப்போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்பட்டதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு வெப்பம், அதன்பின் நீர் ஆவியாவதற்கு மட்டும் வேண்டும். இதை உள்ளுறை வெப்பம் என்கிறார்கள். ஒரு லிட்டருக்கு அது சுமார் 0.68 யூனிட். உறிஞ்சிய பொருளிலிருந்து நீரைப் பிரிக்க அதைவிடவும் அதிகம் வேண்டும். ஏனென்றால் நீர் அந்தச் சுவர்களோடு ஒட்டியிருக்கிறது. அந்தப் பிடியையும் உடைக்க வேண்டும். பொருளையும் பெட்டியையும் சூடாக்கும் செலவு தனி.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) முறையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை செலவிடுகின்றன. காற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய 200 மடங்கு ஆற்றல் ஆகிறது. இதைக் கேட்டதும் சோர்ந்துவிட வேண்டாம். இங்கே தேவைப்படுவது உயர்தர மின்சாரம் அன்று; 70, 80 டிகிரி வெப்பம் மட்டுமே. அதை வெயில் சும்மா கொடுக்கிறது.

ஆனால் வெயிலுக்கும் ஓர் எல்லை உண்டு. நன்றாக வெயில் அடிக்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளுக்கு 6 யூனிட் அளவு சூரிய ஆற்றல் விழும். ஒரு துளி வெப்பம்கூட வீணாகாமல் அத்தனையும் ஆவியாக்கவே பயன்பட்டால் 9 லிட்டருக்குக் கீழேதான் கிடைக்கும். கண்ணாடி வழியாகக் கசியும் வெப்பம், பொருளைச் சூடேற்றும் வெப்பம் எல்லாவற்றையும் கழித்தால், ஒரே ஒரு முறை வெப்பத்தைப் பயன்படுத்தும் எளிய பெட்டிக்கு ஒன்றிரண்டு லிட்டரே நல்ல விளைச்சல். ஆவி நீராகும்போது தன் வெப்பத்தைத் திருப்பித் தருகிறது அல்லவா, அதைப் பிடித்து அடுத்த அடுக்கைச் சூடாக்கினால் எல்லை உயரும். இரண்டடுக்குப் பெட்டிகளை ஆய்வாளர்கள் செய்துபார்ப்பது இதற்காகத்தான். என் பார்வையில், புதிய பொருளைத் தேடுவதைவிட இந்த வெப்பச் சிக்கனத்தில்தான் இனி அதிக முன்னேற்றம் காத்திருக்கிறது.

எந்தப் பொருள் சிறந்தது?

ஒன்று மட்டும் எல்லாவற்றிலும் முந்துவதில்லை. ஜியோலைட் மிக வறண்ட காற்றிலும் ஈரத்தைக் கவ்வும். ஆனால் கவ்வியதை விடாது. அதை முழுமையாக உலர்த்த 200 டிகிரியைத் தாண்ட வேண்டியிருக்கும். வெறும் வெயில் பெட்டிக்கு அது எட்டாது. சிலிக்கா ஜெல் மலிவு, உழைக்கும், பயமில்லாமல் கையாளலாம். ஈரமான காற்றில் தன் எடையில் 30, 40 சதவீதம் வரை வாங்கும். வறண்ட காற்றில் அந்த அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

கால்சியம் குளோரைடு, லித்தியம் குளோரைடு போன்ற உப்புகள் தம் எடையைவிட அதிகமாகவே நீரை இழுக்கும். குழம்பாகி ஒழுகுவதுதான் குறை. ஒழுகிய உப்பு உலோகத்தை அரிக்கும். குடிநீரில் கலந்தால் கேடு. அதனால் உப்பைத் தனியாக விடாமல், கரி, சிலிக்கா அல்லது ஹைட்ரோஜெல்லின் துளைகளுக்குள் அடைத்து வைக்கிறார்கள். ஹைட்ரோஜெல் என்பது நீரைக் குடித்து ஊதும் கூழ்ம வலை. குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தைத் தாங்கும் பொருளின் உறவு. உப்பு இழுக்கும், வலை தாங்கும். இந்தக் கூட்டணிதான் இப்போது அதிகம் ஆராயப்படுகிறது.

2025 நோபல் பரிசுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்டு ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் உலோகக் கரிமச் சட்டகங்களை (ஆங்கிலச் சுருக்கம் எம்ஓஎஃப்) உருவாக்கியதற்காகக் கிடைத்தது. உலோக அணுக்களைக் கணுக்களாகவும் கரிம மூலக்கூறுகளைக் குச்சிகளாகவும் வைத்துக் கட்டிய சாரம் என்று மனத்தில் வரைந்துகொள்ளலாம். குச்சியின் நீளத்தையும் வகையையும் மாற்றினால் உள்ளறையின் அளவும் குணமும் மாறும்.

நீர் பிடிப்பதற்கு இது ஏன் ஏற்றது என்பதில்தான் அழகு இருக்கிறது. சிலிக்கா ஜெல் ஈரப்பதம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும். எம்ஓஎஃப்-801 என்ற சட்டகமோ, ஒரு குறிப்பிட்ட வறட்சி நிலை வரை சும்மா இருந்துவிட்டு, 20 சதவீத ஈரப்பதத்தை எட்டுவதற்குள் கதவைத் திறந்ததுபோல் சட்டென நிரம்பிவிடும். முதலில் வரும் சில மூலக்கூறுகள் அறைக்குள் இடம்பிடித்ததும் மற்றவை அவற்றைப் பற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடுகின்றன. இப்படிச் சட்டென நிரம்புவது, சிறிய வெப்பத்தில் சட்டெனக் காலியாகவும் செய்யும். பிடியும் போதும், விடுதலையும் எளிது.

யாகியின் குழுவும் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஈவ்லின் வாங்கின் குழுவும் 2017இல் இந்தப் பொருளை வைத்து, 20 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 2.8 லிட்டர் எடுக்க முடியும் என்று கணித்தன. பிறகு அலுமினியத்தைக் கொண்டு செய்த எம்ஓஎஃப்-303 வந்தது. 2019இல் மொகாவி பாலைவனத்தில் ஒரு கருவி அதைப் பயன்படுத்தி, பொருளின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.7 லிட்டர் தந்தது. ஈரப்பதம் 10 சதவீதம் வரை இறங்கிய இடம் அது. கணிப்புக்கும் களத்துக்கும் உள்ள தூரத்தை அந்த 0.7 காட்டுகிறது. ஆனாலும் அத்தனை வறண்ட காற்றிலிருந்து நீர் வந்தது என்பதே எனக்கு மெய்சிலிர்ப்பைத் தருகிறது.

ஒரு கிலோ பொருளில் 13 லிட்டர் என்று செய்தி வருகிறதே, உண்மையா?

ஆய்வகத்தில் உண்மை. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆஸ்டின் வளாகத்தில் குய்ஹுவா யூவின் குழு 2022இல் வெளியிட்ட முடிவு அது. கொஞ்சாக் கிழங்கின் பிசினையும் செல்லுலோஸையும் உப்போடு சேர்த்துச் செய்த மெல்லிய படலம், 30 சதவீத ஈரப்பதத்தில் கிலோவுக்கு 13 லிட்டர் வரையும், 15 சதவீதத்தில் 6 லிட்டர் வரையும் ஒரு நாளில் தரக்கூடும் என்றார்கள்.

இந்த எண்ணைப் படிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். படலம் மிக மெல்லியது; சில நிமிடங்களில் நிரம்பும், சில நிமிடங்களில் காலியாகும். ஒரே நாளில் பல சுற்றுகள் ஓட்டிய கணக்கைக் கிலோவுக்கு மாற்றினால் பெரிய எண் வரும். அதே பொருளை ஒரு கிலோ கொட்டிக் குவித்தால் அப்படி நடக்காது. மேலே உள்ளது நிரம்பிவிடும். அடியில் உள்ளதற்குக் காற்றே போய்ச் சேராது. இன்னொன்றும் உண்டு. 13 லிட்டருக்கும் உள்ளுறை வெப்பம் கொடுத்தாக வேண்டும். பொருள் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது.

ஆகவே கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்று சொன்னால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் எத்தனை லிட்டர், எந்த ஈரப்பதத்தில், திறந்த வெளியில் எத்தனை நாள் ஓடியது என்று திருப்பிக் கேளுங்கள். எம்ஐடி ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஜன்னல் அளவுள்ள ஹைட்ரோஜெல் பலகை ஒன்றைக் கலிபோர்னியாவின் வறண்ட டெத் வேலியில் ஒரு வாரம் மின்சாரமே இல்லாமல் நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு 57 முதல் 161 மில்லிலிட்டர் வரை கிடைத்தது. ஒரு தம்ளருக்கும் குறைவு. அதை ஒளிக்காமல் சொன்னார்கள். எனக்கு இந்தச் சிறிய எண்ணின் மீதுதான் மதிப்பு அதிகம். மேலே ஏற அது உறுதியான படி.

வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம், குடிக்க மட்டும் வேண்டாம். அரைக் கிலோ வெள்ளைச் சிலிக்கா ஜெல் போதும். நீல நிற மணிகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நிறம் கோபால்ட் குளோரைடால் வருவது, நச்சு. முதலில் மணிகளை அடுப்பில் நன்றாக உலர்த்தி, மூடிய டப்பாவில் ஆறவைத்து எடைபோட வேண்டும். பிறகு கறுப்புத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, இரவு முழுவதும் திறந்த ஜன்னல் ஓரம் வையுங்கள். காலையில் எடைபோட்டால் தட்டு கனத்திருக்கும்.

நான் செய்துபார்த்தபோது, வெயில் ஏறியதும் தட்டை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடியால் மூடினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியின் உட்புறம் புகைபடிந்ததுபோல் மங்கியது. புள்ளி புள்ளியாகத் துளிகள் பெருத்தன. இரண்டு துளிகள் சேர்ந்ததும் சறுக்கிக் கீழே ஓடின. நண்பகல் நெருங்கியபோது துளிகள் பெருகும் என்று காத்திருந்தால், இருந்த துளிகளும் மறையத் தொடங்கின. கண்ணாடியைத் தொட்டபோதுதான் புரிந்தது: அதுவும் சுட்டது. சூடான கண்ணாடியில் ஆவி எப்படி நீராகும்? அடுத்த நாள் பெட்டியின் ஒரு பக்கத்தை நீட்டி, அந்தப் பகுதிக்கு மட்டும் அட்டையால் நிழல் கொடுத்தேன். துளிகள் எல்லாம் அந்த நிழல் பக்கத்தில் வந்து சேர்ந்தன. வெப்பம் ஓரிடம், குளுமை ஓரிடம் என்று பிரித்துவைப்பதுதான் கருவி வடிவமைப்பின் உயிர் என்பதை அந்த அட்டைத் துண்டு கற்றுத்தந்தது. கிடைத்தது கால் தம்ளர்கூட இல்லை.

இந்த நீரைக் குடித்தால் உடம்புக்கு நல்லதா?

ஆவியாகிக் குளிர்ந்த நீர் என்பதால் ஃபுளோரைடு, ஆர்சனிக், உவர்ப்பு எதுவும் வராது. நிலத்தடி நீர் கெட்டுப்போன ஊர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல். அதேசமயம் காற்றில் உள்ள அம்மோனியா, பெட்ரோல் ஆவி போன்றவையும் நீரோடு சேர்ந்து வரலாம்; நெரிசலான சாலையோரம் கருவியை வைக்கக்கூடாது என்பது இதனால்தான். கரி வடிகட்டி கட்டாயம் வேண்டும். உப்பு கலந்த பொருள் என்றால், உப்பு கசிந்து வருகிறதா என்று அவ்வப்போது நீரைச் சோதிக்க வேண்டும். டெத் வேலி பலகையில் இதைத் தடுக்கக் கிளிசராலைச் சேர்த்திருந்தார்கள். கனிமங்கள் இல்லாத நீர் சப்பென்று இருக்கும். குடிக்கும் முன் கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ப்பது வழக்கம். தொட்டியில் நாள்பட நின்றால் கிருமி வளரும். மற்ற நீருக்குள்ள விதி இதற்கும்தான்.

எல்லாரும் இப்படி எடுத்தால் காற்று வறண்டு, மழை குறையாதா?

குறையாது. உலக மக்கள் 800 கோடிப் பேரும் நாளுக்கு 3 லிட்டர் வீதம் காற்றிலிருந்தே குடித்தாலும் ஆண்டுக்கு 9 கன கிலோமீட்டரைத் தொடாது. பூமியில் ஆண்டுதோறும் பெய்யும் மழையும் பனியும் சுமார் 5 லட்சம் கன கிலோமீட்டர். வளிமண்டல ஈரம் ஏறக்குறைய ஒன்பது, பத்து நாளுக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதுப்பிக்கப்படுகிறது. தவிர, குடித்த நீர் வியர்வையாகவும் மூச்சாகவும் கழிவாகவும் திரும்பிவிடுகிறது.

விவசாயத்துக்கு உதவுமா?

உதவாது. ஒரு கிலோ கோதுமை விளைய ஆயிரம் லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். இது குடிக்கும் தம்ளருக்கான நீர்.

அப்படியானால் யாருக்குப் பயன்?

ஆறும் கிணறும் குழாயும் எட்டாத இடத்தில் சிதறி வாழ்கிறவர்களுக்கு. உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் பாதுகாப்பான குடிநீர் வீட்டில் இல்லை. நாளின் கணிசமான நேரத்தைத் தண்ணீர் சுமக்கவே செலவிடும் பெண்களும் பிள்ளைகளும் அவர்களில் ஏராளம். 2021இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, வெயிலும் ஈரப்பதமும் உலகில் எங்கெங்கே எந்த நேரத்தில் சேர்ந்து அமைகின்றன என்று கணக்கிட்டு, இத்தகைய கருவிகள் 100 கோடிப் பேருக்குக் குடிநீர் தரும் வாய்ப்பு இருக்கிறது என்றது. வாய்ப்பு என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும்; அந்த அளவு விளைச்சல் தரும் கருவி இன்னும் எளிய மக்களின் கைக்கு வந்து சேரவில்லை.

மலைச்சரிவில் மூடுபனி தவழும் ஊர் என்றால் வலை கட்டிப் பனித்துளியைப் பிடிப்பதே மலிவு. கடலோர நகரத்துக்குக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு. மழை பெய்யும் ஊருக்குக் கூரைநீர்த் தொட்டி. இவற்றில் எதற்காவது வழியிருக்கும்போது காற்றைப் பிழிவது வீண் செலவு என்று கூசாமல் சொல்லிவிடுவேன்.

கருவியைப் பராமரிப்பது கடினமா?

பெரிய எதிரி தூசி. நுண்துளைகளின் வாயில் மண் படிந்தால் உறிஞ்சும் திறன் நாளுக்கு நாள் குறையும். எனவே காற்று நுழையும் பக்கம் வலைத் துணியைக் கட்டி, வாரம் ஒருமுறையாவது உதறிப் போட வேண்டும். கண்ணாடியைத் துடைக்க ஈரத் துணி வேண்டும். அதற்குக் கொஞ்சம் தண்ணீர் செலவாகும். நாளுக்கு அரை லிட்டர் தரும் கருவியில் அந்தச் செலவும் கணக்கில் வந்துவிடும். அதனால் விடியற்காலையில் துடைப்பது நல்லது. இரவுப் பனி கண்ணாடியின் வெளிப்புறத்தில் படிந்திருக்கக்கூடிய நேரம் அது. உலர்ந்த துணியே போதும்.